ராக்கெட் என்ஜின் சோதனைத் தளத்தை இடித்துவிட்டால் நிலம் பழையபடி ஆகிவிடுமா?

கேள்வி கலிஃபோர்னியாவில் இருக்கும் சாண்டா சூசானா சோதனைத் தளத்தைப் பற்றியது. சோதனையெல்லாம் நிறுத்தி இத்தனை வருஷம் ஆச்சே, இடித்துத் தள்ளி நாலு மரம் நட்டால் முடிந்தது, ஏன் இப்படி இழுக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் விஞ்ஞானி இல்லை. சொந்த ஊர் பென்னாகரம் பக்கம், ஓசூரில் பதினோரு வருஷம் மெஷின் ஷாப்பில் வேலை. ஆனால் அந்த மலையைக் கெடுத்த திரவத்தில் நானும் கை நனைத்திருக்கிறேன், அந்தத் தைரியத்தில்தான் பதில் எழுதுகிறேன்.

முதலில் இடம். லாஸ் ஏஞ்சலஸுக்கு வடமேற்கே சிமி மலைகளில் சுமார் 2,850 ஏக்கர். 1940களின் கடைசியில் ஆரம்பித்து 2006 வரை அங்கே ராக்கெட் என்ஜின்களை இரும்புத் தாங்கியில் கட்டி வைத்து எரித்துப் பார்த்தார்கள். அட்லஸ், தோர் ஏவுகணைகளின் என்ஜின், நிலாவுக்குப் போன சாட்டர்ன் 5 ராக்கெட்டின் ஜே-2 என்ஜின், விண்வெளி ஓடமான ஷட்டிலின் என்ஜின் எல்லாம் அங்கே எரிந்தவைதான். அதே வளாகத்தின் இன்னொரு மூலையில் அணு உலைகளும் இருந்தன, 1959 ஜூலையில் ஒன்றில் எரிபொருள் கொஞ்சம் உருகியே போனது. அது தனிக் கதை, இங்கே தொட்டால் பதில் முடியாது. பொறுப்பு இன்றைக்கு போயிங், நாசா, அமெரிக்க எரிசக்தித் துறை என்று மூன்று பங்காகக் கிடக்கிறது, மேலே கண்காணிக்க மாநில அரசின் துறை. பங்காளி மூன்று பேர் இருக்கிற கொல்லையில் வரப்பு வெட்டுவதே எவ்வளவு நாள் இழுக்கும் என்று நமக்குத் தெரியாதா?

இடிப்பது பெரிய விஷயமில்லை. பழைய கட்டடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், இரும்பில் ஈயம் கலந்த பெயிண்ட் இருக்கும், பழைய டிரான்ஸ்ஃபார்மரில் பிசிபி என்ற நச்சு எண்ணெய் இருக்கும். அதையெல்லாம் தனித்தனியாகப் பிரித்து மூட்டை கட்டி அனுப்பிய பிறகுதான் தாங்கியை வெட்டிச் சாய்க்க வேண்டும். செலவு பிடிக்கும், நாள் பிடிக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற வேலை. சிக்கல் தாங்கிக்குக் கீழே இருக்கிறது.

அந்தத் திரவத்தின் பெயர் டிரைகுளோரோஎத்திலீன், ஷாப்பில் நாங்கள் சொல்வது டிசிஇ. எண்ணெய்ப் பிசுக்கு எடுக்க அதை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. எங்கள் ஷாப்பில் ஒரு தொட்டி, அடியில் ஹீட்டர், மேல் விளிம்பைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீர் ஓடும் குழாய். டிசிஇ 87 டிகிரியிலேயே கொதித்துவிடும், அந்த ஆவிக்குள் பாகத்தைக் கூடையோடு இறக்கி எடுத்தால் துணி வைத்துத் துடைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் பளிச்சென்று காய்ந்து வரும். லேசாக இனிப்பு வாசனை. மத்தியானத்துக்கு மேல் தலை கிறுகிறுக்கும், டீ குடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொள்வோம். (2012-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாகவே வகைப்படுத்திவிட்டது. நான் அதற்கு முன்பே வேலையை விட்டிருந்தேன்.)

ராக்கெட்காரர்களுக்கு அது இன்னும் அவசியம். திரவ ஆக்சிஜன் ஓடுகிற குழாயில் துளி மண்ணெண்ணெயோ கிரீஸோ ஒட்டியிருந்தால் ஒரு தட்டுத் தட்டினாலே வெடிக்கும். அதனால் சோதனைக்குப் பிறகு என்ஜினை டிசிஇ ஊற்றி அலசுவார்கள். அலசியது எங்கே போச்சு? ஆரம்பகாலத்தில் அதைப் பிடித்து வைக்க ஏற்பாடே இல்லை, அப்படியே கான்கிரீட் வாய்க்காலில் ஓடி மண்ணுக்குள் போயிற்று. மொத்தமாகப் பல லட்சம் லிட்டர்.

எங்கள் ஷாப்பிலும் இதே கதைதான், அளவுதான் சிறிசு. தொட்டி அடியில் தேங்கும் கசடை டிரம்மில் பிடித்து, "அண்ணே, இதை எங்க ஊத்தறது?" என்று முதல் மாதம் சூப்பர்வைசரிடம் கேட்டேன். "பின்னாடி புங்கமரத்துக்கிட்ட ஊத்துப்பா, மண்ணுதானே, இழுத்துக்கும்" என்றார். ஊற்றினேன். இழுத்துக்கொண்டது. அந்த ஷாப் மூடின பிறகு ஷெட்டைப் பிரித்து, தகரத்தையும் ஆங்கிளையும் பழைய இரும்புக்காரருக்குப் போட்டு, ஜேசிபி விட்டு இரண்டே நாளில் மட்டம் தட்டி மனையாக விற்றுவிட்டார்கள். பார்க்க நல்ல சுத்தமான செம்மண் நிலம்.

மண் இழுத்துக்கொண்டது எங்கே போகும் என்று எனக்குப் புரிந்தது ஷாப்பில் இல்லை, பெரியப்பா கொல்லையில். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்து, திருச்செங்கோட்டு வண்டி வந்து போர் போட்டது. 300 அடி வரைக்கும் வெறும் வெள்ளைப் புழுதி. 340-இல் வண்டிச் சத்தம் மாறியது, அதே நேரம் இருநூறு மீட்டர் தள்ளி இருந்த பக்கத்துக் கொல்லைக்காரரின் போரிலிருந்து புஸ்ஸென்று காற்றும் சேற்றுத் தண்ணியும் பீய்ச்சியது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்துவிட்டார். கீழே ஒரே வெடிப்பு, இரண்டு போரும் அதே வெடிப்பில் உட்கார்ந்திருக்கின்றன. மேலே வேலி போடலாம், பாறை வெடிப்புக்கு யார் வேலி போடுவது?

சாண்டா சூசானாவும் வெடிப்பு விழுந்த பாறைதான், ஆனால் மணற்பாறை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. டிசிஇ தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம், அதனால் மண்ணெண்ணெய் மாதிரி மேலே மிதக்காது, வெடிப்பு வழியாகக் கீழே கீழே இறங்கும். நம்மூர்க் கருங்கல்லுக்குள் ஒன்றும் ஊறாது. மணற்பாறை ஸ்பாஞ்ச் மாதிரி, வெடிப்பின் இரண்டு பக்கச் சுவரும் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பம்பு போட்டு வெடிப்பில் இருக்கும் தண்ணீரை எடுத்துச் சுத்தம் செய்தால், பாறை உறிஞ்சினதைத் திரும்பக் கக்கும். மறுபடி எடு, மறுபடி கக்கும். அமெரிக்காவில் குடிநீருக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். 12,000 லிட்டர் லாரித் தண்ணீருக்குக் கணக்குப் போட்டால் 60 மில்லிகிராம் வருகிறது, அதாவது சில சொட்டு. நான் டிரம் டிரம்மாக ஊற்றியிருக்கிறேன்.

சரி, மண்ணையாவது தோண்டி எடுத்துவிடலாமே? அங்கேயும் சண்டை. நாசாவும் எரிசக்தித் துறையும் 2010-இல் போட்ட ஒப்பந்தப்படி, மண்ணை இயற்கையாக எப்படி இருக்குமோ அந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படித் தோண்டினால் மேல்மண்ணோடு நூறு வருஷத்து ஓக் மரங்களும் போகும், பாறை இடுக்கில் மட்டும் வளரும் சாண்டா சூசானா டார்ப்ளாண்ட் என்ற அரிய செடியும் போகும், சூமாஷ் பழங்குடியினர் வரைந்த பாறை ஓவியக் குகை ஒன்றும் அதே வளாகத்தில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான லாரி நடை அந்த மலைப்பாதையில் ஊர் வழியாக இறங்க வேண்டும். தோண்டின குழியை நிரப்ப அதே தரத்தில் சுத்தமான மண்ணையும் எங்கிருந்தோ கொண்டுவர வேண்டும். கீழே வீடு வைத்திருக்கும் அம்மா அப்பாக்கள் முழுசாக எடு என்கிறார்கள், குழந்தைகளை வைத்துக்கொண்டு அவர்கள் வேறு எப்படிப் பேசுவார்கள். நான் அவர்கள் பக்கம்தான். ஆனால் மரத்துக்காகப் பேசுகிறவர்களைக் காசு வாங்கிக்கொண்டு பேசுகிறார்கள் என்று திட்டுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. போயிங் தன் பங்கில் பெரும்பகுதியில் இனிக் கட்டடமே வராதபடி 2017-இல் எழுதிக் கொடுத்துவிட்டது.

ஆக, இடித்துவிட்டால் நிலம் பழையபடி ஆகாது. மேலே ஓக்கும் புல்லும் வரும், மான் மேயும், கீழே இருக்கும் தண்ணீர் நம் பேரன் காலத்திலும் பம்பில் ஏறிக்கொண்டிருக்கும்.

கடைசியாக, ஓசூர் பக்கம் பழைய கம்பெனி இருந்த மனை வாங்கப் போகிறவர்களுக்கு. நம் மாவட்டங்களில் தண்ணீர்ச் சோதனை என்றாலே ஃப்ளோரைடும் உப்பும்தான், பல் காவியேறி வளர்ந்த நமக்கு அந்தப் பயம் நியாயம். ஆனால் அந்தச் சோதனையில் டிசிஇ வராது. ஆவியாகும் கரிமச் சேர்மங்களுக்கான சோதனை வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். தண்ணீரை அவர்கள் கொடுக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஒரு குமிழி கூட இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூடி, ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். மினரல் வாட்டர் பாட்டிலில் முக்கால் பாகம் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போனால் லேபுக்குப் போவதற்குள் அது பறந்துவிடும், ரிப்போர்ட்டும் சுத்தம் என்றே வரும்.