பொலிஸைப் பற்றி முறைப்பாடும் எழுதலாம், நன்றியும் எழுதலாம்

தம்பி, உங்கள் கேள்வியை ஆறுதலாக இருந்து வாசித்தேன். கனடாவுக்கு வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. இரவு வேலை முடிந்து மார்க்கம் ரோட்டால் வரும்போது ஒரு பொலிஸ் அதிகாரி மறித்து, வேகமாக ஓடியதற்கு ரிக்கற் எழுதினார். நீங்கள் பேசிய ஆங்கிலத்தை உங்கள் மாதிரியே பேசிக் காட்டிச் சிரித்தார், ‘உங்கள் நாட்டில் இப்படித்தான் ஓடுவீர்களா’ என்று கேட்டார். பிறகு சில நாளில், பஸ் மாறி ஏறி வழி தெரியாமல் நின்ற உங்கள் அம்மாவை வேறொரு அதிகாரி வீட்டு வாசல் வரை கூட்டிவந்து விட்டார். முதலாமவர் மேல் முறைப்பாடு செய்தால் பி.ஆர். என்ற நிரந்தர வதிவிட விண்ணப்பத்துக்குப் பாதிப்பு வருமா, இரண்டாமவருக்கு ஏதாவது அன்பளிப்பு வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

முறைப்பாடு செய்யுங்கள், பி.ஆருக்கு ஒன்றும் ஆகாது. அன்பளிப்பு வேண்டாம், கடிதம் எழுதுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்குகிறது. ஊரில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்று வளர்ந்தவர்கள் நாங்கள். இலங்கையில், 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒருவரைப் பதினெட்டு மாதம் வரை தடுத்து வைக்க முடிந்த நாட்டில், பொலிஸ் மேலேயே முறைப்பாடு கொடுப்பது யாருக்கும் மனதில் வராது. அந்தப் பயத்தோடுதான் பலர் இங்கே இருபது, முப்பது வருடம் வாழ்கிறார்கள். ஆனால் இங்கே சட்டம் வேறு. நாங்கள் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் பொலிஸ் அதிகாரியின் நடத்தை பற்றிப் பொதுமக்களில் யாரும் முறைப்பாடு செய்யலாம். பிரஜையாக இருக்கத் தேவையில்லை, பி.ஆர். தேவையில்லை, ஒன்ராறியோவில் வசிக்கவேண்டும் என்றுகூட இல்லை. முறைப்பாடு செய்தவர் என்பது குற்றப் பதிவு ஆகாது. உங்கள் வேக ரிக்கற்றும் மாகாண வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வருவதுதான், குற்றவியல் சட்டத்தில் சேராது. முறைப்பாடு செய்தவரை மிரட்டுவதோ வற்புறுத்துவதோ சட்டப்படி குற்றம்.

எங்கே கொடுப்பது என்பதைப் பார்ப்போம். பொலிஸ் மேலான முறைப்பாடுகளைப் பார்க்க முன்பு ஓ.ஐ.பி.ஆர்.டி. என்று ஒரு அலுவலகம் இருந்தது, பழைய ஆட்கள் இன்னும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். 2024 ஏப்ரல் 1இல் புதிய பொலிஸ் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு அதற்குப் பெயர் லோ என்ஃபோர்ஸ்மென்ட் கம்ப்ளெயின்ட்ஸ் ஏஜென்சி, சுருக்கமாக லீக்கா. இது பொலிஸின் கீழ் இயங்கும் அலுவலகம் அல்ல. இணையத்தில் படிவம் நிரப்பலாம், தபாலிலும் அனுப்பலாம். ஒரு சதம் கட்டத் தேவையில்லை, வக்கீலும் தேவையில்லை. யாராவது ‘நான் நிரப்பித் தருகிறேன், இவ்வளவு தாருங்கள்’ என்று வந்தால் ஒதுங்கிப் போங்கள். சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள், பிந்தினால் அதையே காரணம் காட்டி எடுக்காமல் விடலாம்.

உங்களை மறித்தது ஸ்டீல்ஸ் வீதிக்குத் தெற்கிலா வடக்கிலா என்று நீங்கள் எழுதவில்லை. தெற்கு என்றால் ரொறன்ரோ பொலிஸ், வடக்கு என்றால் யோர்க் பிராந்தியப் பொலிஸ். ஏஜாக்ஸ், பிக்கரிங் பக்கம் டேரம் பொலிஸ், பிரம்டன், மிசிசாகா என்றால் பீல் பொலிஸ். 401 நெடுஞ்சாலையில் மறித்தால் அது பெரும்பாலும் மாகாணப் பொலிஸ், ஓ.பி.பி. இவை எல்லாவற்றுக்கும் லீக்கா ஒன்றுதான். மத்திய அரசின் ஆர்.சி.எம்.பி.க்கு வேறு ஆணையம் இருக்கிறது. விமான நிலைய எல்லை அதிகாரிகளும் சப்வேயில் நிற்கும், ரொறன்ரோ போக்குவரத்துச் சேவையான ரி.ரி.சி.யின் காவலர்களும் லீக்காவுக்குள் வரமாட்டார்கள். அதிகாரியின் பெயர் தெரியாதே என்று யோசிக்கவேண்டாம். ரிக்கற்றை எடுத்துப் பாருங்கள், அவருடைய இலக்கம் அதில் இருக்கும்.

எழுதும் விதம்தான் முக்கியம். எங்கள் ஆட்களில் பலர் ஆத்திரத்தோடு உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதுவார்கள், அதில் அந்த அதிகாரி என்ன செய்தார் என்பது ஒரு வரிதான் இருக்கும். மற்றதெல்லாம் இனவெறி, அநியாயம், கனடா இப்படி ஆகிவிட்டதே என்ற புலம்பல். உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் வாசிப்பவருக்கு வேண்டியது நடந்தது என்ன என்பது. இப்படி எழுதுங்கள்:

‘இரவு 11.40 அளவில் என் காரை மறித்தார். லைசன்ஸ், ஓனர்ஷிப், இன்சூரன்ஸ் மூன்றையும் கேட்டார், கொடுத்தேன். வேலையால் வருகிறேன் என்று சொன்னேன். நான் சொன்ன அதே வசனத்தை என் உச்சரிப்பில் திருப்பிச் சொல்லிச் சிரித்தார். பிறகு, உங்கள் நாட்டில் இப்படித்தான் ஓடுவீர்களா என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. காரில் என்னோடு வேலை செய்யும் ஒருவரும் இருந்தார், அவர் இதைக் கேட்டார்.’

இவ்வளவும் போதும். அவர் சொன்ன வார்த்தைகளை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னாரோ அப்படியே போடுங்கள். சரியாக நினைவில் இல்லாததை ‘சரியாக நினைவில்லை’ என்றே எழுதுங்கள். ஒன்றைக்கூட ஊதிப் பெருப்பிக்காதீர்கள். பொலிஸார் பலர் இப்போது உடம்பில் கமரா அணிகிறார்கள், அதில் வேறு மாதிரி இருந்தால் நீங்கள் சொன்ன உண்மையையும் நம்பமாட்டார்கள். அதே கமரா உங்களுக்குச் சாட்சியாகவும் வரும். ‘அந்த நேரத்துக் கமராப் பதிவைப் பார்க்கவேண்டும்’ என்று முறைப்பாட்டிலேயே கேட்டு எழுதுங்கள்.

ரிக்கற் தனி, முறைப்பாடு தனி. இதைக் குழப்பிக்கொண்டு நட்டப்பட்டவர்களை எனக்குத் தெரியும். முறைப்பாடு கொடுத்தால் ரிக்கற் தானாக ரத்தாகாது. ரிக்கற்றின் பின்பக்கத்தில் உள்ளபடி பதினைந்து நாளுக்குள் காசைக் கட்டுவதா, வழக்குத் தொடுநரைச் சந்தித்துப் பேசுவதா, விசாரணை கேட்பதா என்று தெரிவிக்கவேண்டும். அதை முதலில் செய்யுங்கள். வேகமாக ஓடியது உண்மை என்றால் அதை முறைப்பாட்டில் மறுக்கப் போகாதீர்கள். நீங்கள் கேட்பது அவர் பேசிய பேச்சுக்கு மட்டும் கணக்கு.

இனி, என்ன எதிர்பார்க்கலாம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். முறைப்பாடு போனதும் லீக்கா முதலில் அதை எடுப்பதா விடுவதா என்று பார்க்கும். எடுத்தால் தானே விசாரிக்கலாம், இல்லையென்றால் அந்தப் பொலிஸ் சேவைக்கே அனுப்பி, அங்கே உள்ள தொழில் ஒழுக்கப் பிரிவைக் கொண்டு விசாரிக்கச் சொல்லலாம். பொலிஸைப் பொலிஸே விசாரிப்பதா என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். எனக்கும் இதில் உடன்பாடு இல்லை, இங்கே பலர் வருடக்கணக்காகச் சொல்லிவரும் குறை இது. ஆனாலும் முடிவு திருப்தி இல்லையென்றால் மீளாய்வு கேட்க வழி இருக்கிறது, எத்தனை நாளுக்குள் என்று கடிதத்தில் போட்டிருப்பார்கள். நட்டஈடு என்று காசு எதுவும் இதில் வராது. இப்படியான பேச்சு விவகாரத்தில், இரு பக்கமும் சம்மதித்தால், விசாரணை இல்லாமல் பேசித் தீர்க்கவும் கேட்பார்கள். என்னைக் கேட்டால், அந்த அதிகாரி உங்கள் முன்னால் இருந்து ‘அப்படிப் பேசியிருக்கக் கூடாது’ என்று சொல்வது ஒரு தண்டனைக் கடிதத்தைவிடப் பெரிது. ஆனால் மனம் இல்லாமல் சம்மதிக்காதீர்கள்.

இது பேச்சோடு நின்ற விஷயம். பொலிஸ் கையால் பெரிய காயம், மரணம், துப்பாக்கிச் சூடு, பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு என்றால் அது எஸ்.ஐ.யு. என்ற தனி விசாரணைப் பிரிவின் வேலை, 1990இல் இருந்து இயங்குகிறது. அப்புறம், காரில் இல்லாமல் சும்மா தெருவில் நடந்து போகும்போது மறித்து, சந்தேகம் என்று ஒன்றும் இல்லாமல் பெயர் விலாசம் கேட்டால், ஏன் கேட்கிறார் என்று அவர் சொல்லவேண்டும், கொடுக்கத் தேவையில்லை என்பதையும் சொல்லவேண்டும், தன் பெயரும் இலக்கமும் உள்ள துண்டு ஒன்றும் தரவேண்டும். 2017 ஜனவரி 1 முதல் இது விதி. உங்கள் நண்பர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

‘ஒரு பேச்சுத்தானே, விட்டுவிடு’ என்று உங்களுக்கு வீட்டில் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். 2022 ஜூனில் ரொறன்ரோ பொலிஸின் அப்போதைய இடைக்காலத் தலைவர் ஜேம்ஸ் ரேமர், கறுப்பின மக்கள் மேல் மற்றவர்களைவிட அதிகமாகப் பலம் பிரயோகிக்கப்பட்டது என்று காட்டிய தரவுகளை வெளியிட்டுப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அப்படி ஒரு நாள் வந்ததற்குப் பின்னால், வருடக்கணக்காகச் சலிக்காமல் சொல்லியும் எழுதியும் வந்த ஆட்கள் இருந்தார்கள். எங்கள் சமூகத்தில் அப்படி எழுதுபவர்கள் மிகக் குறைவு.

பொலிஸை விட்டு விலகியே இருப்போம் என்ற பழக்கம் எங்களுக்கு எவ்வளவு கேடு செய்திருக்கிறது என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். ரொறன்ரோவில் எட்டு ஆண்களைக் கொன்ற புரூஸ் மக்ஆர்தருக்கு 2019இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. இறந்தவர்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் 2010இல் தமிழ் அகதிகளை ஏற்றிவந்த சன் சீ கப்பலில் வந்து, அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர். நாடு கடத்தப் பயந்து ஒளிந்திருக்கிறார் என்றே குடும்பம் நினைத்திருந்தது, காணாமல் போனார் என்று பொலிஸில் ஒரு பதிவுகூட இருக்கவில்லை. காணாமல் போனோர் விசாரணைகளைப் பொலிஸ் எப்படி நடத்தியது என்று ஆராய்ந்த முன்னாள் நீதிபதி குளோரியா எப்ஸ்டீன், 2021இல் 151 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தார். பொலிஸ் பக்கத்துப் பிழைகளை அந்த அறிக்கை கடுமையாகவே சொல்கிறது. அங்கே எங்கள் பெயரைச் சொல்லிக் கேட்க ஆள் இருக்கவேண்டும் என்றால், கதவைத் தட்டப் பழகவேண்டும், குறை சொல்லவும் நன்றி சொல்லவும்.

நன்றி என்றதும் அம்மாவைக் கொண்டுவந்து விட்ட அதிகாரியிடம் வருவோம். தயவுசெய்து காசு, தங்கம், பரிசு அட்டை எதுவும் கொண்டு போகாதீர்கள். அன்போடு கொடுத்தாலும் அவருக்குத்தான் கஷ்டம், வாங்க முடியாது என்று சொல்லவேண்டி வரும். பொலிஸ் அதிகாரிக்கு லஞ்சம் கொடுப்பதற்குக் கனடாவின் குற்றவியல் சட்டத்தில் பதினான்கு வருடம் வரை சிறை இருக்கிறது. உங்கள் எண்ணம் அது இல்லை என்பது எனக்குத் தெரியும், ஆனால் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

கடிதம்தான் அவருக்குப் பயன்படும். எங்கள் பக்கத்து வீட்டில் ஒருமுறை நகை களவு போனது. வந்த பெண் அதிகாரி, அழுதுகொண்டிருந்த அக்காவோடு தரையில் இருந்து, மகள் வேலையால் வந்து மொழிபெயர்க்கும் வரை பொறுமையாகக் காத்திருந்து, ஒவ்வொரு நகையாகக் கேட்டு எழுதினார். தாலிக்கொடி என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை வெறும் சங்கிலி என்று எழுதாமல் விளக்கமாக எழுதினார். நகை கிடைக்கவில்லை. ஆனாலும் அக்காவும் நானும் இருந்து அந்த நிலையத்தின் பொறுப்பதிகாரிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். கொஞ்ச நாளில் அந்த அதிகாரியே தொலைபேசியில் அழைத்தார். கடிதத்தைத் தன் மேலதிகாரி எல்லோருக்கும் முன்னால் வாசித்துக் காட்டியதாகவும், ஒரு பிரதி தன் கோப்பில் இருப்பதாகவும் சொன்னார்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். ‘நல்ல மனிதர், கடவுள் மாதிரி வந்தார்’ என்று எழுதினால் அவருக்கு அதனால் பெரிதாக ஒன்றும் வராது. அம்மா எந்தச் சந்தியில் நின்றார், அவர் எப்படிப் பேசினார், பாஷை தெரியாத ஒரு வயதானவரிடம் விலாசத்தை எப்படிக் கேட்டு எடுத்தார், கதவு திறக்கும் வரை நின்றாரா என்று எழுதுங்கள். அவர் பெயரோ இலக்கமோ தெரியாவிட்டாலும், திகதியும் நேரமும் இடமும் இருந்தால் அவர்கள் கண்டுபிடிக்கலாம். அம்மா சொல்வதைத் தமிழிலேயே எழுதி, கீழே ஆங்கிலத்தில் நீங்கள் போட்டு, அம்மாவைக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதவேண்டாம், அவை போகும் இடங்கள் வேறு. ரிக்கற்றுக்குப் பதில் கொடுக்கும் நாள் கிட்ட வந்திருக்கும், முதலில் அதைப் பாருங்கள். முறைப்பாட்டை ஆங்கிலத்தில் எழுதி முடித்ததும், அனுப்ப முன் எனக்கு ஒருமுறை காட்டுங்கள், வாசித்துச் சொல்கிறேன்.