384 பேர் போதுமா?

கேள்வி: மாணவர்களில் எத்தனை சதவீதத்தினர் பாடநூல் அல்லாத நூல்களை வாசிக்கின்றனர் என்பதை முனைவர் பட்ட ஆய்வுக்காக அறிய விரும்புகிறேன். 16 வகுப்புகளில் வகுப்புக்கு 24 பேர் வீதம் 384 பேரிடம் விவரம் பெற்றால் போதும் என்கிறார்கள். இந்த எண்ணிக்கை சரிதானா?
– ஓர் ஆய்வு மாணவி

பதில்: 384 என்பது தவறான எண் அன்று, ஆனால் உங்கள் ஆய்வுக்கென்று கணக்கிடப்பட்ட எண்ணும் அன்று. மிகப் பெரிய தொகுதியொன்றிலிருந்து எளிய சமவாய்ப்பு முறையில் (எல்லோருக்கும் ஒரே அளவு வாய்ப்புள்ள குலுக்கல் போல) ஆட்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து, ஒரு சதவீதத்தை 95 சதவீத நம்பிக்கை அளவில், கூடக்குறைய 5 புள்ளிகளுக்குள் மதிப்பிட வேண்டுமானால், 1.96-இன் வர்க்கத்தை 0.25-ஆல் பெருக்கி 0.05-இன் வர்க்கத்தால் வகுக்கும்போது கிடைக்கும் விடை அது.

நீங்களோ மாணவர்களை வகுப்பு வகுப்பாகத் தேர்ந்தெடுக்கிறீர்கள். ஒரே வகுப்பினர் ஒரே ஆசிரியரிடம் பயில்கின்றனர், ஒரே நூலகத்தைப் பயன்படுத்துகின்றனர். ஆகவே முதல் 23 பேரின் பதில்களைக் கேட்ட பிறகு 24-ஆம் மாணவரிடமிருந்து புதிதாகத் தெரியவருவது கொஞ்சமே. இந்த ஒற்றுமையை அளக்கும் உள்வகுப்பு ஒட்டுறவுக் கெழு 0.1 என்று வைத்துக்கொண்டால், வடிவமைப்பு விளைவு, அதாவது வகுப்பு வகுப்பாகத் தேர்ந்தெடுப்பதால் உங்கள் எண்ணிக்கையின் பயன் எத்தனை மடங்கு சுருங்குகிறது என்ற அளவு, 1 + (23 × 0.1) = 3.3 ஆகிறது. 384-ஐ அதனால் வகுத்தால், தனித்தனியாகத் தேர்ந்தெடுத்த 116 பேர் தரும் துல்லியம்தான் உங்களுக்குக் கிடைக்கும். பிழை எல்லையும் 5 புள்ளிகளிலிருந்து ஏறத்தாழ 9 ஆக விரிந்துவிடும். அதே 384 பேரை 64 வகுப்புகளில் வகுப்புக்கு 6 பேராகப் பரப்பினால் வடிவமைப்பு விளைவு 1.5 ஆகவும், பிழை எல்லை சுமார் 6 புள்ளிகளாகவும் குறையும். அலைச்சல் கூடும் என்பது உண்மைதான். இருந்தாலும் வகுப்புகளைக் கூட்டுங்கள் என்றே வற்புறுத்துவேன். உங்கள் ஆய்வுக்கு உரிய கெழுவை ஒரு சிறிய முன்னோட்ட ஆய்விலிருந்தோ, இதே பொருளில் முன்பு நடந்த ஆய்வுகளிலிருந்தோ மதிப்பிட்டுக்கொள்ளலாம்.

எண்ணிக்கையால் சரிசெய்ய முடியாத குறை ஒன்றும் உண்டு. 1936-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் சுமார் 1 கோடிப் பேருக்குக் கருத்துக்கணிப்புச் சீட்டுகளை அனுப்பி, திரும்பி வந்த 20 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை எண்ணி, அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்று கணித்தது. ரூஸ்வெல்ட்டோ 48 மாநிலங்களில் 46-இல் வென்றார். முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசி, கார் வைத்திருந்தோரின் பட்டியல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. பதில் அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே மனப்போக்கு உடையவர்களாகவும் இல்லை. உங்கள் ஆய்வில் அந்த இடத்தில் நிற்பவர்கள், நீங்கள் செல்லும் நாளில் வகுப்புக்கு வராத மாணவர்கள். ஒவ்வொரு வகுப்பின் பெயர்ப் பட்டியலிலிருந்தும் முன்கூட்டியே 6 பேரைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்துவிடுங்கள். அவர்களில் ஒருவர் வராதிருந்தால் பக்கத்தில் இருப்பவரைச் சேர்த்துக்கொள்ளாமல், மறுமுறை சென்று அவரையே சந்திப்பதற்கான நாட்களை இப்போதே திட்டத்தில் ஒதுக்குங்கள்.