விட்டுப்போன பியானோவைத் திரும்பப் பிடிப்பது எப்படி?

கேள்வி: பள்ளிக்காலத்தில் ஐந்தாம் கிரேடு வரை பியானோ படித்தேன். 20 ஆண்டுகள் கழித்து உட்கார்ந்தால் வேகமான இடங்களில் விரல் தடுமாறுகிறது, மணிக்கட்டும் வலிக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: முதலில் நாற்காலியைப் பாருங்கள். உயரம் குறைந்தால் மணிக்கட்டு மடங்கும். வலி அதனால் வரலாம். முழங்கை, கட்டைகளின் மட்டத்துக்கு வர வேண்டும். வலித்தால் உடனே நிறுத்துங்கள். நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பாடத்தைத் தொடக்கத்திலிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டாம். தடுமாறுவது பெரும்பாலும் இரண்டு பார்தான் (பார் என்பது இசைக்குறிப்பில் இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி). அதை மட்டும் எடுத்து, ஒவ்வொரு கையாக, மெட்ரோநோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து வாசியுங்கள். மூன்று முறை பிசகாமல் வந்தால் 4 கூட்டுங்கள், பிசகினால் 8 குறையுங்கள். கைகளைச் சேர்க்கும்போது 50-க்கு இறங்கியே தீர வேண்டும்; இதற்குத்தான் பலருக்குப் பொறுமை இருப்பதில்லை.

எந்தக் கட்டைக்கு எந்த விரல் என்று, விரல் எண்களைப் (கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5) பென்சிலால் குறித்துவிடுங்கள். சி மேஜர் ஸ்கேலுக்கு (ஸ்வர வரிசை) வலக்கையில் 1-2-3-1-2-3-4-5. தினம் ஒரு விரலாக மாற்றினால் கைக்கு எதுவும் பதியாது.

தினமும் 25 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் சேர்த்து வாசிப்பது இதற்கு ஈடாகாது.

அழுத்திய கட்டை மேலே எழவில்லையா? நம் ஊர் ஈரப்பதத்தில் உள்ளிருக்கும் ஃபெல்ட் (கம்பளித் துணி) உப்பியிருக்கலாம். எண்ணெய் விடாதீர்கள், பியானோ பழுதுபார்க்கும் டியூனரைக் கூப்பிடுங்கள்.