பையில் தூக்கிக்கொண்டு போகிற பிரிண்டர்: நீங்கள் கேட்டதும் நான் சொன்னதும்

ஈரோட்டில் பில்லிங் பிரிண்டர், லேபிள் பிரிண்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வெளியில் சுற்றி வேலை செய்பவர்களுக்கான வயர்லெஸ் பிரிண்டர் பற்றி இந்த வாரம் யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். "எந்தக் கம்பெனி நல்லது?" என்று மட்டும் கேட்டவர்கள் மன்னிக்கவும். அச்சடித்த காகிதம் யார் கைக்குப் போகிறது, எத்தனை நாள் அழியாமல் இருக்க வேண்டும், உங்களிடம் இருப்பது எந்த போன், எந்த ஆப், இதெல்லாம் தெரியாமல் கம்பெனி பெயர் சொல்வது ஜாதகத்தைப் பார்க்காமல் பொருத்தம் சொல்கிற மாதிரி.

கேள்வி: அண்ணே, தேனி பக்கம் பைக்கில் கடை கடையாகப் போய் பிஸ்கட், மிட்டாய் போடுகிறேன். 2 இன்ச் வாங்கவா, 3 இன்ச் வாங்கவா?

பைக் என்றால் 2 இன்ச்தான் தம்பி. இடுப்பில் மாட்டிக்கொண்டால் இருப்பதே தெரியாது. 2 இன்ச் என்பது 58 மி.மீ. ரோல். அதில் அச்சு விழுவது 48 மி.மீ. அகலத்துக்குத்தான். மில்லிமீட்டருக்கு 8 புள்ளி வீதம் 384 புள்ளி, சாதாரண எழுத்தில் வரிக்கு 32 எழுத்து. 3 இன்ச் என்பது 80 மி.மீ. ரோல். அதில் 72 மி.மீ. அச்சு, 576 புள்ளி, வரிக்கு 48 எழுத்து. பொருள் பெயர், எண்ணிக்கை, விலை, தொகை என்று நாலு பத்தி மட்டும் போதும் என்றால் 32 எழுத்திலேயே ஓட்டிவிடலாம். நீளமான பெயர் அடுத்த வரிக்கு மடங்கும், அவ்வளவுதான். எச்எஸ்என் எண் (ஜிஎஸ்டியில் பொருளின் வகையைக் குறிக்கும் எண்), வரி விகிதம், வரித் தொகை எல்லாம் தனித்தனிப் பத்தியாக வேண்டும் என்றால் பிதுங்கும்.

உங்கள் முதலாளி இ-இன்வாய்ஸ் போடுகிறவரா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்ட் முதல், ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் ஜிஎஸ்டி எண் உள்ள கடைக்காரருக்குப் போடும் பில்லில் அதற்கென்று கிடைக்கும் க்யூஆர் இருக்க வேண்டும். பணம் அனுப்பும் க்யூஆர் மாதிரி எளிய சமாச்சாரம் இல்லை அது. உள்ளே விவரம் நிறைய, அதனால் கட்டங்கள் பொடிப்பொடியாக இருக்கும். 48 மி.மீ.க்குள் அதை நெருக்கி அடித்தால் சில போன்கள் படிக்கும், சில போன்கள் திணறும். அப்படியான பில் என்றால் கனத்தைப் பார்க்காமல் 3 இன்ச் எடுங்கள்.

ரோல் வாங்கும்போதும் கவனம். மேஜையில் வைக்கும் மெஷினுக்கான குண்டு ரோல் மீட்டர் கணக்கில் மலிவாகத் தெரியும். ஆனால் கையடக்க பிரிண்டர்கள் பெரும்பாலானவற்றில் 40 மி.மீ. விட்டத்துக்கு மேல் மூடி சாத்தாது. ராத்திரி உட்கார்ந்து கையால் பிரித்துச் சுற்றிய ஒருவரை எனக்குத் தெரியும்.

கேள்வி: திண்டுக்கல்லில் அரிசி வியாபாரம். பில்லில் தமிழ் போட்டால் கேள்விக்குறியாக வருகிறது. தமிழ் வரும் பிரிண்டர் எது சார்?

இதைத்தான் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பிரிண்டரை மாற்றிப் பயனில்லை. தமிழ் ஆப்பிலிருந்து வர வேண்டும்.

ரசீது பிரிண்டர்கள் அநேகமாக எல்லாமே எப்சன் கொண்டுவந்த இஎஸ்சி-பாஸ் என்ற கட்டளை மொழியில்தான் பேசுகின்றன. ஆப் ஒரு எழுத்தின் குறியீட்டை அனுப்பும். பிரிண்டர் தன் வயிற்றுக்குள் இருக்கும் எழுத்துருவில் அதைத் தேடி எடுத்து அடிக்கும். அந்த வயிற்றுக்குள் ஆங்கிலம் இருக்கும், சில ஐரோப்பிய எழுத்துகள் இருக்கும், பலவற்றில் சீனமும் இருக்கும். தமிழ் அநேகமாக இருக்காது. இருந்தாலும் 'கொ' என்றால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் என்று சரியாக அடுக்குமா என்பது சந்தேகம்தான். அதனால் போனிலேயே பில்லை ஒரு படமாக வரைந்து, கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக அனுப்புவதுதான் வழி. நல்ல பில்லிங் ஆப்களின் அமைப்பில் 'கிராபிக்ஸ்' என்றோ 'இமேஜ்' என்றோ ஒரு தேர்வு இருக்கும். அதைப் போட்டால் தமிழ், இந்தி, கடை முத்திரை எதுவும் வரும். அந்தத் தேர்வு இல்லாத ஆப் என்றால், ஆண்ட்ராய்டில் ராபிடி (RawBT) என்று ஒரு ஆப் இருக்கிறது. பிடிஎஃப், படம் எதைக் கொடுத்தாலும் அது புள்ளியாக்கி பிரிண்டருக்குத் தள்ளிவிடும்.

படமாக அனுப்பினால் வேகம் குறையும், பேட்டரியும் கொஞ்சம் சீக்கிரம் இறங்கும். இரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம். எழுத்துருவில்தான் கோட்டை விடுகிறோம். அழகாக இருக்கிறது என்று பொடி எழுத்தைத் தேர்ந்தெடுத்தால் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூன்று சுழியா இரண்டு சுழியா என்றே தெரியாத பில்லை ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டதாக ஒரு கடைக்காரர் என்னிடம் வந்து புலம்பினார். எழுத்தைப் பெரிதாக்கி, அச்சின் அடர்த்தியை ஒரு படி குறைத்துக் கொடுத்தேன். ண, ன பிரச்சினை தீர்ந்தது.

கேள்வி: போனின் புளூடூத்தில் பிரிண்டர் 'பேர்டு' (Paired) என்று காட்டுகிறது, 'கனெக்டட்' ஆவதே இல்லை. பீஸ் போய்விட்டதா?

இல்லை, அது அப்படித்தான். ஹெட்போன் மாதிரி எப்போதும் கைகோத்துக்கொண்டு இருக்காது. ஆப் அச்சடிக்கச் சொல்லும்போதுதான் இணைப்பு திறக்கும். பின் (PIN) எண் கேட்டால் 0000 அல்லது 1234 போட்டுப் பாருங்கள். அப்புறம் ஆப்புக்குள் போய் அந்த பிரிண்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போனில் ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் 'அருகிலுள்ள சாதனங்கள்' அனுமதி கொடுத்திருக்க வேண்டும். பழைய போனில் லொகேஷன் அனுமதி இல்லாமல் புளூடூத் தேடாது. இத்தனையும் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், வேறொரு போன் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா பாருங்கள். வீட்டில் பையன் தன் போனில் போட்டுப் பார்த்திருப்பான்.

கேள்வி: என்னிடம் ஐபோன். நண்பர் ஆண்ட்ராய்டில் அடிக்கிற அதே பிரிண்டர் என் போனில் தெரியவே இல்லை.

விலை குறைந்த பிரிண்டர்கள் பழைய பாணி புளூடூத்தில் 'சீரியல்' என்ற தொடர்பு வழியாகப் பேசுகின்றன. ஆப்பிளின் அங்கீகாரம் பெறாத கருவிக்கு ஐபோன் அந்த வழியைத் திறப்பதில்லை. பிஎல்இ எனப்படும் குறைந்த மின்சாரப் புளூடூத் உள்ள பிரிண்டராக இருக்க வேண்டும். அதற்கேற்ற ஆப்பும் வேண்டும். அட்டைப்பெட்டியில் ஐஓஎஸ் என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். கடையிலேயே உங்கள் போனில், உங்கள் ஆப்பில் ஒரு பில் அடித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

கேள்வி: சேலத்தில் தினசரி வசூல் பார்க்கிறேன். ஆறு மாதம் கழித்து, நீ கொடுத்தது வெற்றுச் சீட்டு என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருகிறார். நான் என்ன செய்ய?

அவர் சொல்வது பொய்யில்லை, நீங்களும் ஏமாற்றவில்லை. தெர்மல் பிரிண்டரில் மை கிடையாது. காகிதத்தின் ஒரு பக்கத்தில் நிறமற்ற சாயமும் அதைக் கறுப்பாக்கும் ஒரு வேதிப்பொருளும் பூசியிருக்கிறார்கள். பிரிண்டரின் தலை சூடு வைக்கும் இடத்தில் இரண்டும் உருகிச் சேர்ந்து கறுக்கும். சேர்ந்தது பிரியவும் செய்யும். வெயில் பட்டால் மங்கும், எண்ணெய் பட்டால் மங்கும், சானிடைசர் பட்டால் அந்த இடம் பாழாகும். இதில் கொடுமை என்னவென்றால், பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறைக்குள் வைக்கிறார்களே, சில உறைகளில் இருக்கும் மென்மையாக்கும் பொருளே அச்சைத் தின்றுவிடும். கார் டேஷ்போர்டில் வெயிலில் கிடந்தால் சில சமயம் நேர்மாறாக மொத்தச் சீட்டும் கறுத்துப்போகும்.

மேற்பூச்சு உள்ள தெர்மல் ரோல் விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் அதிக நாள் தாங்கும். ரிப்பன் போட்ட சின்ன டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் இருக்கிறது. கனமானது, சத்தம் போடும், அச்சு மட்டும் அழியாது, கார்பன் நகலும் எடுக்கலாம். என்னைக் கேட்டால் உங்கள் தொழிலுக்குப் புது மெஷின் வேண்டாம். தெர்மல் சீட்டைக் கையில் கொடுங்கள், அதே ரசீதை வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பாக அனுப்புங்கள், வரவுப் புத்தகத்தில் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பேனா என்றதும் சிலருக்குச் சிரிப்பு வரும். சண்டை என்று வந்தால் எல்லோரும் முதலில் எடுத்துக் காட்டுவது அந்தப் புத்தகத்தைத்தான்.

கேள்வி: புது ரோல் போட்டேன், காகிதம் ஓடுகிறது, எழுத்து விழவில்லை.

ரோலைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழும் பக்கம்தான் பிரிண்டர் தலையைப் பார்த்திருக்க வேண்டும். வேறு சந்தேகம் என்றால், பெரும்பாலான மெஷின்களில் காகிதம் தள்ளும் பொத்தானை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் சோதனைச் சீட்டு வரும். அது ஒழுங்காக வந்தால் கோளாறு போனில்.

கேள்வி: ஐயா, திருநெல்வேலியில் விபத்து வண்டிகளைப் பார்வையிட்டு ரிப்போர்ட் கொடுக்கிறேன். காரிலேயே ஏ4 அடிக்க வேண்டும். தெர்மலா, இங்க்கா?

கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வருஷக்கணக்கில் இருக்கப்போகிற காகிதம். ஆகவே இங்க்தான். ஏ4 தெர்மலில் பிரதர் பாக்கெட்ஜெட் மாதிரி அரை கிலோ சமாச்சாரங்கள் உண்டு. மை காயும் தொல்லை இல்லை, ஆடுகிற வண்டியிலும் அடிக்கும். ஆனால் மேலே சேலத்துக்காரருக்குச் சொன்ன அத்தனை வியாதியும் அதற்கும் உண்டு. ஏ4 தெர்மல் தாள் தெருமுனை ஸ்டேஷனரியிலும் கிடைக்காது.

இங்க்ஜெட்டில் கேனான் டிஆர்150, எச்பி ஆபீஸ்ஜெட் 200, எப்சன் டபிள்யூஎஃப்-110 எல்லாம் லேப்டாப் பையில் அடங்குகிறவை. எடை சுமார் ஒன்றரை முதல் இரண்டேகால் கிலோ. விலையை மட்டும் ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். எப்சனில் பேட்டரி உள்ளேயே இருக்கிறது, கேனானுக்குத் தனியாக வாங்க வேண்டும். கேனானின் கறுப்பு நிறமி மை, தண்ணீர் பட்டாலும் சுலபத்தில் வழியாது, உங்கள் வேலைக்கு அது முக்கியம். எதை வாங்கினாலும் மைக்கூடு சின்னது. உள்ளூரில் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒன்று கூடுதலாகக் கையில் வைத்திருங்கள்.

இணைப்புக்கு வைஃபை டைரக்ட் உங்களுக்குப் போதும். பிரிண்டரே 'டைரக்ட்' என்று தொடங்கும் பெயரில் ஒரு வைஃபை கொடுக்கும், போனை அதில் சேர்க்க வேண்டியதுதான். "இதில் இன்டர்நெட் இல்லை, விலகவா?" என்று போன் கேட்கும். இருக்கட்டும் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் நைசாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், நீங்கள் பிரிண்டரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். அடிக்க வேண்டிய பிடிஎஃப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஹாட்ஸ்பாட்டில்தான் சேர்ப்பேன் என்றால் அதை 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். பல பிரிண்டர்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் கண்ணுக்கே தெரியாது. புதிய ஐபோன்களின் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் இதற்கென்று 'மேக்சிமைஸ் கம்பேட்டிபிலிட்டி' என்ற சுவிட்ச் இருக்கிறது. லாட்ஜ் வைஃபையை நம்ப வேண்டாம். ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று பார்க்காதபடி பல இடங்களில் தடுத்து வைத்திருப்பார்கள். இவ்வளவுக்கும் மேலே ஒரு யூஎஸ்பி கேபிள் பையில் கிடக்கட்டும்.

நம் ஊர் வெயிலில் பூட்டிய காருக்குள் பிரிண்டரை விட்டுப் போகாதீர்கள். மையும் காயும், பேட்டரியும் கெடும். அணைக்கும்போது பிரிண்டரின் சொந்தப் பொத்தானால் அணையுங்கள். அப்போதுதான் மைத்தலை தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். கார் பிளக்கைப் பிடுங்கி அணைத்தே தலை அடைத்துப்போன பிரிண்டர்கள் என் அலமாரியில் இருக்கின்றன. வேலை இல்லாத வாரத்திலும் ஒரு கலர் பக்கம் அடித்துவிடுங்கள்.

கேள்வி: கல்யாண மண்டபத்தில் எடுத்த படத்தை அங்கேயே அச்சடித்துக் கொடுக்க எது சரி?

கேனான் செல்ஃபி (SELPHY) என்ற சின்ன போட்டோ பிரிண்டர் வகை. மஞ்சள், மெஜந்தா, சயான், கடைசியில் ஒரு பாதுகாப்புப் படலம் என்று தாள் நாலு தடவை உள்ளே போய் வரும். பின்பக்கமும் நீட்டும், சுவரோடு ஒட்டி வைத்துவிடாதீர்கள். தாளும் ரிப்பனும் ஒரே பெட்டியில் 108 படத்துக்குக் கணக்காக வரும், அதனால் ஒரு படத்தின் அடக்க விலையை முன்பே சொல்லிவிடலாம். ஒரு படத்துக்கு முக்கால் நிமிடம் பிடிக்கும். முந்நூறு பேர் வரிசையில் நின்றால் ஒரு மெஷின் போதாது. தட்டில் தூசி விழுந்தால் முகத்தில் வெள்ளைப் பொட்டு வரும், ஆகவே அட்சதை போடும் மேடைக்குப் பக்கத்தில் வேண்டாம்.

கேள்வி: வீட்டிலிருந்து சேலை விற்கிறேன் அண்ணா. பார்சல் லேபிளை பில் பிரிண்டரிலேயே அடிக்கலாமா?

முகவரி மட்டும் என்றால் அடிக்கலாம்மா. கூரியர் பார்கோடு உள்ள லேபிள் என்றால் 4 இன்ச் லேபிள் பிரிண்டர் தனியாக வேண்டும். அது லேபிளுக்கும் லேபிளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கண்டுபிடித்து நிற்கும். பில் பிரிண்டருக்கு அது பொதுவாகத் தெரியாது. கட்டளை மொழியும் வேறு. புது ரோல் போட்டதும் ஒரு தடவை அளவு பிடிக்க விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி முகவரி அடுத்த லேபிளில் போய் உட்காரும்.

கேள்வி: வாங்கி ஒரு வாரம்தான். போனின் டைப்-சி சார்ஜரில் சார்ஜே ஏறவில்லை.

இரண்டு முனையும் சி-யாக இருக்கும் வயரை எடுத்துவிட்டு, ஒரு முனை பழைய தட்டை யூஎஸ்பியாக இருக்கும் வயரைப் போடுங்கள். மலிவான கருவிகள் சிலவற்றில் சி-க்கு சி வயரில் மின்சாரம் கேட்கத் தேவையான சின்ன ரெசிஸ்டரைப் போடாமலே விட்டுவிடுகிறார்கள். சார்ஜர் கொடுக்கக் காத்திருக்கும், பிரிண்டர் கேட்காது. வயரை மாற்றியும் ஏறவில்லை என்றால் வாங்கிய கடைக்கே கொண்டு போங்கள், வாரண்டி இருக்கும்போது என்னிடம் கொடுத்துத் திறக்க வேண்டாம்.