சேற்றில் கிராஸ் கன்ட்ரி: கடிகாரத்தை விடுங்கள், தரையைப் பாருங்கள்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் குதிரை ரேஸிலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட், ஒன்பது வயதுப் பெண் குதிரை. குன்னூர் பக்கம் நடக்கிற ஒருநாள் ஈவென்டிங் போட்டியில் 80 செ.மீ. பிரிவுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அங்கே ஒரு வாரமாக விடாத மழையாம். அவள் மணல் மைதானத்திலேயே பழகியவள். லாடத்தில் ஸ்டட் போடணுமா? நேரத்துக்குள் முடிக்க முடியுமா? இல்லை, பேசாமல் பெயரை வாபஸ் வாங்கிவிடவா?"

மற்ற வாசகர்களுக்கு முதலில் ஒரு வரி: ஈவென்டிங் என்பது டிரஸ்ஸாஜ் (மைதானத்தில் குறித்த அசைவுகளைச் செய்து காட்டுவது), தடை தாண்டுதல், கிராஸ் கன்ட்ரி (திறந்தவெளிப் பாதையில் நிலையான தடைகளைத் தாண்டி ஓடுவது) மூன்றும் சேர்ந்த குதிரைப் போட்டி, 80 செ.மீ. என்பது தடையின் உயரம், ஸ்டட் என்பது வழுக்காமல் இருக்க லாடத்தில் திருகும் சிறு குமிழ். வாபஸ் வாங்குவதை அங்கே போய்த் தரையைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். நேரத்தைப் பற்றிய முடிவை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்: நேரத்துக்குள் வர முயற்சி செய்யாதீர்கள். சேற்றில் குதிரைக்கு அடிபடுகிற சம்பவங்களில் பாதிக்கு மேல் ஓட்டுகிறவர் மனதில் ஓடும் கடிகாரம்தான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். கிராஸ் கன்ட்ரியில் குறித்த நேரத்தைத் தாண்டும் ஒவ்வொரு விநாடிக்கும் 0.4 புள்ளி அபராதம். குதிரை ஒரு தடையை முதல் முறை மறுத்தால் 20, அதே தடையில் இரண்டாம் முறை மறுத்தால் இன்னும் 40. நீங்கள் விழுந்தால் அதோடு போட்டி முடிந்தது. அதாவது 50 விநாடி தாமதமாக வந்தால்தான் ஒரே ஒரு மறுப்புக்குச் சமமான அபராதம் விழும். பாதை 2,000 மீட்டர், வேகம் நிமிடத்துக்கு 450 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் குறித்த நேரம் 4 நிமிடம் 27 விநாடி. நீங்கள் நிதானமாக 400 மீட்டர் வேகத்தில் வந்தால் 5 நிமிடம் ஆகும், 33 விநாடி தாமதம், 13.2 புள்ளி. அவ்வளவுதான் போகும். வேகமாக வந்து வழுக்கி, தடை முன்னால் அவள் நின்றுவிட்டால் 20 புள்ளியும் போய், சுற்றி வந்து மறுபடி தாண்டுகிற நேரமும் போய், அவளுடைய நம்பிக்கையும் போகும். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய வீரர் ஃபவாத் மிர்சாவுக்கே கிராஸ் கன்ட்ரியில் நேரத்துக்காக மட்டும் 11.20 புள்ளி போனது, ஆனால் ஒரு தடையிலும் மறுப்பு இல்லாமல் வந்ததால் இறுதிச் சுற்றுவரை போய் 23ஆம் இடத்தில் முடித்தார். உங்கள் போட்டியின் விதித்தாளில் இந்த எண்கள் கொஞ்சம் மாறியிருக்கலாம், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். குறிப்பாக அதிகபட்ச நேரம் எவ்வளவு என்று. பெரும்பாலும் குறித்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கும், நிதானமாக வருகிறவர் அதைத் தொடவே மாட்டார்.

சரி, தரைக்கு வருவோம். ஐப்பசி அடைமழையில் நீலகிரியின் கிழக்குச் சரிவு, அதாவது குன்னூர், கோத்தகிரி பக்கம், வடகிழக்குப் பருவமழையை நேராக வாங்குகிறது. மண் செம்மண்தான், களித்தன்மை அதிகம். ஆனால் ஒரே பாதையில் மூன்று விதமான சேறு இருக்கும், மூன்றையும் ஒரே மாதிரி ஓட்டினால் தப்பாகிவிடும். மேலே தண்ணீராக இருந்து கீழே தரை கெட்டியாக இருப்பது முதல் வகை. சலசலவென்று தெறிக்கும், பார்க்கப் பயமாக இருக்கும், உண்மையில் மூன்றில் இதுதான் நல்லது, குளம்பு கீழே போய்க் கெட்டித் தரையைத் தொட்டுவிடும். இரண்டாவது, புல் அப்படியே இருந்து, அதன் மேல் லேசான ஈரம் படிந்து எண்ணெய் தடவினது போல வழுக்குகிற தரை. சாரல் ஆரம்பித்த அரை மணி நேரத்தில் இப்படித்தான் இருக்கும், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சரிவுகளில் இன்னும் மோசம். இங்கேதான் குதிரை பக்கவாட்டில் சறுக்கி விழுகிறது. மூன்றாவது உளைச்சேறு: ஆழமானது, பசை மாதிரி பிடித்து இழுப்பது. இதில் குதிரை விழுவது குறைவு, ஆனால் ஒவ்வொரு அடிக்கும் காலைப் பிடுங்கி எடுக்க வேண்டியிருப்பதால் சீக்கிரம் களைத்துவிடும், முன்காலின் பின்பக்கத் தசைநாரில் பாதிப்பு வருவதும் இங்கேதான். எனக்கு மூன்றிலும் அதிகப் பயம் இதைக் கண்டுதான், ஏனென்றால் ஓட்டுகிறவருக்கு உடனே எதுவும் தெரியாது, மறுநாள் காலையில்தான் தெரியும்.

அதனால் பாதையை நடந்து பார்க்கும்போது தடைகளை எண்ணிக்கொண்டு போகாதீர்கள். கையில் ஒரு குச்சி வைத்துக்கொண்டு, தாவுகிற இடத்திலும் இறங்குகிற இடத்திலும் குத்திப் பாருங்கள், குதிகாலை ஊன்றித் திருப்பிப் பாருங்கள். கெட்டி எவ்வளவு ஆழத்தில் வருகிறது என்பதுதான் கேள்வி. உங்கள் வரிசை எண் பின்னால் இருந்தால், உங்களுக்கு முன்னால் போன குதிரைகள் எல்லாம் தடையின் நடுவிலேயே தாவி அந்த இடத்தைக் குழியாக்கி வைத்திருக்கும். ஆகவே ஒவ்வொரு தடைக்கும் நடுவிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, புல் இன்னும் மிச்சம் இருக்கிற ஒரு கோட்டை மனதில் குறித்துக்கொள்ளுங்கள், தடையின் இருபுறமும் இருக்கிற கொடிகளுக்குள் இருந்தால் போதும். முடிந்தால் இரண்டு முறை நடங்கள், இரண்டாவது தடவை மழைக்குப் பிறகு. பனிமூட்டம் இறங்கினால் அங்கே அடுத்த தடையே தெரியாது, ஆகவே எந்த மரத்தை, எந்தக் கட்டடத்தைப் பார்த்துத் திரும்ப வேண்டும் என்று பக்கத்தில் இருக்கிற அடையாளங்களாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஸ்டட். நீங்கள் கேட்டதற்கு நேர்ப் பதில்: ஏற்கெனவே அவளுக்குப் போட்டுப் பழக்கம் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் போட்டி அன்றைக்கு முதல் முறையாகப் போடாதீர்கள். லாடத்தில் துளை போட்டு மரை வெட்டியிருக்க வேண்டும், அது லாடம் அடிப்பவர் முன்கூட்டியே செய்கிற வேலை. ரேஸுக்கு அடிக்கிற மெல்லிய அலுமினிய லாடமே இன்னும் அவள் காலில் இருந்தால் அது இதற்குத் தாங்காது, இரும்பு லாடத்துக்கு மாற்றி இரண்டு வாரமாவது அதில் பழகியிருக்க வேண்டும். போடுவதாக இருந்தால் பின்னங்காலுக்குத்தான் முதலிடம், உந்துவிசை அங்கிருந்துதான் வருகிறது. மேலே வழுக்கிக் கீழே கெட்டியாக இருக்கிற தரைக்குச் சிறியதாக, கூராக இருப்பது, மெத்தென்று ஆழமாக இருக்கிற தரைக்குப் பெரியதாக, மழுங்கலாக இருப்பது. உள்பக்கத்தில் கூரானதைப் போடவே கூடாது, ஒரு கால் இன்னொரு காலைக் கிழித்துவிடும். தாவும்போது முன்கால் மடங்கி வயிற்றில் குத்தாமல் இருக்க அகலமான காப்புள்ள வயிற்று வார் வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. குதிரையின் கால் இயல்பாகவே தரையில் பட்டதும் கொஞ்சம் சறுக்கித்தான் நிற்கும், அந்தச் சறுக்கல்தான் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. பெரிய ஸ்டட் காலைச் சட்டென்று நிறுத்திவிட்டால் அந்த அதிர்ச்சி மூட்டுக்கும் தசைநாருக்கும் போகும். அதனால் எவ்வளவு பிடிப்பு வேண்டுமோ அவ்வளவு மட்டும். ஓட்டம் முடிந்ததும் உடனே கழற்றிவிடுங்கள், ஸ்டட்டோடு வண்டியில் ஏற்ற வேண்டாம், சிமென்ட் தரையில் நிறுத்தவும் வேண்டாம்.

லாடம் கழன்று போவதுதான் சேற்றில் அடிக்கடி நடக்கிறது. நடவு வயலில் செருப்போடு இறங்கினால் கால் வந்துவிடும், செருப்பு உள்ளேயே இருக்கும் இல்லையா, முன்காலுக்கும் அப்படித்தான், சேறு பிடித்துக்கொண்டு கால் வெளியே வரத் தாமதமாகிற அந்த நொடியில் பின்காலின் நுனி வந்து முன் லாடத்தை மிதித்துப் பிடுங்கிவிடும். முன்காலுக்கு ரப்பர் பெல் பூட் (குளம்பைச் சுற்றி மூடுகிற மணி வடிவ உறை) கண்டிப்பாக. கால் காப்பு நியோப்ரீன் மாதிரி தண்ணீர் குடிக்காத பொருளாக இருக்கட்டும், ஆட்டு ரோமம் வைத்ததும் துணிக் கட்டும் நனைந்து கனத்துச் சரிந்துவிடும். லாடம் அடித்து ஐந்தாறு வாரம் ஆகியிருந்தால் போட்டிக்கு முன் ஆணிகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். சேணம் பின்னால் நழுவாமல் நெஞ்சு வார், கைக்கு ரப்பர் பிடி வைத்த கடிவாள வார், நனைந்தாலும் பிடிக்கிற கையுறை. ஏறுவதற்கு முன் உங்கள் பூட்ஸின் அடியில் இருக்கிற சேற்றை யாரையாவது துடைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் முதல் தடையிலேயே அங்கவடியிலிருந்து கால் நழுவும்.

டிரஸ்ஸாஜில் பெரிதாக ஒன்றும் சாதிக்கப் பார்க்க வேண்டாம். மூலைகளைக் கொஞ்சம் வட்டமாக எடுங்கள், தாளம் மாறாமல் இருந்தால் போதும், நடுவருக்கும் அதே சேறு கண்ணில் தெரிகிறது. உடம்பைச் சூடேற்றும் மைதானம்தான் அன்றைக்கு இருப்பதிலேயே மோசமான தரையாக இருக்கும், அங்கே அரை மணி நேரம் சுற்றி அவளைக் களைக்க வைத்துவிடாதீர்கள். நன்றாக நடக்க விட்டு, கொஞ்சம் டிராட் (மிதமான துள்ளோட்டம்), கொஞ்சம் கேண்டர் (அதைவிட வேகமான, தாளமான ஓட்டம்), இரண்டு மூன்று தாவல், போதும்.

கிராஸ் கன்ட்ரியில் ரேஸ் குதிரைக்கு ஒரு பழக்கம் உண்டு: களைத்தால் நீளமாகி, தலையைத் தாழ்த்தி, முன்கால் மேல் பாரத்தைப் போட்டு ஓடும். கடிவாளத்தை இழுத்தால் இன்னும் சாய்ந்து ஓடும், ரேஸில் அதற்கு அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது குட்டையான, துள்ளலான கேண்டர், அவள் பாரம் பின்னங்காலில் இருக்க வேண்டும். வேகத்தைத் தடைக்கு வெகுமுன்னாலேயே குறைத்துவிட்டு, கடைசிச் சில அடிகளில் கையை அசைக்காமல் காலால் மட்டும் அணைத்துக்கொண்டு வாருங்கள். தடை முன்னால் கடைசி நேரத்தில் இழுப்பதுதான் சேற்றில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு, அவள் சமநிலை அங்கேயே போய்விடும். திருப்பங்களைப் பெரிதாக எடுங்கள், நீங்கள் உள்பக்கம் சாயாமல் நிமிர்ந்து உட்காருங்கள். இறக்கத்தில் நேராக இறங்குங்கள். குறுக்காகப் போனால் பாதுகாப்பு என்று தோன்றும், ஆனால் நேராக இறங்கும்போது சறுக்கினால் பின்னங்காலை அடியில் போட்டுச் சமாளித்துக்கொள்வாள், குறுக்காகப் போகும்போது சறுக்கினால் நான்கு காலும் பக்கவாட்டில் போய்விடும். உளைச்சேறு வந்தால் டிராட்டுக்கு வாருங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. அவள் ஒரு தடவை சறுக்கினால் உடனே திட்டவோ இழுக்கவோ வேண்டாம், கடிவாளத்தை நழுவவிட்டு அவளாகத் தேறிக்கொள்ள இடம் கொடுங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்? நடந்து பார்க்கும்போதே, தாவுகிற இடங்களில் கணுக்கால் புதைகிற அளவுக்கு உளை இருந்து சுற்றிப் போக வழியும் இல்லை என்றால் கிராஸ் கன்ட்ரிக்கு முன்னாலேயே விலகிவிடுங்கள். கட்டிய நுழைவுக் கட்டணம் போகும், போகட்டும். ஓட்டத்தின் நடுவில், தாவல் தட்டையாகி அடுத்தடுத்த இரண்டு தடையில் கால் இடித்தாலோ, காது முன்னால் வராமல் மூச்சு உரக்கக் கேட்டாலோ, காலடி சீராக இல்லை என்று தோன்றினாலோ கையை உயர்த்திக் காட்டி, நடையாகவே வெளியே வந்துவிடுங்கள். மிச்சம் இரண்டே தடைதான் என்றாலும் இதே பதில்தான். நீங்கள் சமவெளியிலிருந்து வருகிறீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மலைக்காற்றில் ஆக்சிஜன் குறைவு, மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவு முழுக்க அவள் வண்டியில் காலை ஊன்றி நின்றுகொண்டே வந்திருப்பாள். இரண்டு மூன்று நாள் முன்னாலேயே கொண்டுபோய் நிறுத்த முடிந்தால் நல்லது, போட்டி அன்று விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு வருவதை மட்டும் செய்யாதீர்கள்.

முடிந்ததும் சேணத்தை இறக்கி, நடக்க விட்டு, கால்களைக் குளிர்ந்த தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். சேறு காயத்தை மறைத்துவிடும், அதனால் கையால் தடவிப் பார்க்க வேண்டும். அந்த மலைகளில் கோர்ஸ் என்ற மஞ்சள் பூ முட்செடி பரவிக் கிடக்கிறது, அதன் முள் முழங்கால் பக்கம் ஏறியிருந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, இரண்டு நாளில் வீங்கும். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் வழிந்தால் பயப்பட வேண்டாம். குதிரையின் நாடித்துடிப்பு ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். ஓட்டம் முடிந்து கால் மணி நேரத்தில் 60க்குக் கீழே இறங்கவில்லை என்றால் அங்கேயே மருத்துவரைக் கூப்பிடுங்கள். கழுவிய பிறகு கணுக்காலுக்குக் கீழே, குதிகால் மடிப்பில், துண்டால் ஒற்றி முழுக்க உலர்த்துங்கள். ஈரம் அங்கேயே தங்கினால் டெர்மட்டோஃபிலஸ் என்ற கிருமி தோலுக்குள் புகுந்து பொருக்குப் பொருக்காகப் புண் வரும். அதன் பிறகு வரும் நாட்களில் ஒட்டுகிற சேற்றைத் தினமும் தண்ணீர் அடித்துக் கழுவாமல், காயவிட்டுப் பிரஷால் தட்டி எடுப்பது மேல்.

மறுநாள் காலை அவளை வெளியே எடுப்பதற்கு முன், நான்கு காலையும் முழங்காலிலிருந்து கீழே கையால் தடவி, ஒரு காலை மற்றக் காலோடு ஒப்பிட்டுச் சூடு இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு கெட்டித் தரையில் நேராக டிராட் ஓட விட்டுப் பாருங்கள். ஒரு கால் மட்டும் சூடாகவோ தசைநார்ப் பக்கம் லேசாக வீங்கியோ இருந்தால், நொண்டாவிட்டாலும், அவள் லாயத்திலேயே நிற்கட்டும். கால்நடை மருத்துவர் ஸ்கேன் எடுத்துச் சொல்லும்வரை மலையிலிருந்து வண்டியில் இறக்குவதையும் தள்ளிப்போடுங்கள்.