வரலாற்றை முன்னுரையாக்கிவிடாதீர்கள், தம்பி

ஏற்காட்டில் ஆங்கில ஆசிரியராக இருந்து, இப்போதுதான் அமெரிக்கா வந்திறங்கிய தம்பி கேட்கிறார்: கறுப்பின மக்களின் இலக்கியத்தையும் வரலாற்றையும் ஒரே வகுப்பாக, இன்னொரு ஆசிரியருடன் சேர்ந்து நடத்தச் சொல்கிறார்கள், எப்படித் தொடங்குவது? கூடவே விசா, வாடகை. விசாவுக்கு உங்களை அழைத்து வந்தவர்களைக் கேளுங்கள். வாடகை ஊருக்கு ஊர் வேறு. நான் வகுப்பைப் பற்றியே பேசுகிறேன். வந்த புதிதில் இதை எனக்குச் சொல்ல ஆளில்லை.

முதலில் உங்கள் மாநிலச் சட்டத்தைப் படியுங்கள். 2021-இல் இல்லினாய்ஸ் ஆசிய அமெரிக்கர் வரலாற்றைப் பள்ளிகளில் கட்டாயமாக்கியது. அதே ஆண்டில் ஓக்லஹோமாவும் டெக்சஸும் இனம் பற்றி வகுப்பில் பேசக் கடிவாளம் போட்டன. அரிசோனாவின் டூசான் நகரில் மெக்சிக அமெரிக்கர் பாடத்தை 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி 2012-இல் நிறுத்தினார்கள். அது இனப்பகையால் செய்தது என்று நீதிமன்றம் சொல்ல 2017 ஆகிவிட்டது. அதற்குள் அந்தப் பிள்ளைகள் பள்ளியையே முடித்திருப்பார்கள். எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் ஒரு பக்கம்கூட நகல் எடுக்காதீர்கள்.

அடுத்தது, திங்கட்கிழமை வரலாற்று ஆசிரியர் தேதிகளை ஒப்பிப்பார், செவ்வாய்க்கிழமை நீங்கள் நாடகம் நடத்துவீர்கள். வரலாறு வெறும் முன்னுரையாக நின்றுவிடும்; இதற்குப் பெயர் சேர்ந்து நடத்துவது இல்லை. நான் சேர்ந்த முதல் பள்ளியில் எங்கள் இருவருக்கும் ஒன்றாக உட்கார ஒரு பாடவேளைகூட ஒதுக்கவில்லை; சாப்பாட்டு இடைவேளையில்தான் திட்டம் போட்டோம். அந்த நேரத்தை இப்போதே கேட்டு வாங்குங்கள்.

லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் த சன்' (1959) நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிகாகோவில் ஒரு கறுப்பினக் குடும்பம் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்குகிறது. குடியிருப்போர் சங்கத்துக்காரர் வந்து, மரியாதையாகப் பேசி, கொடுத்த விலைக்கு மேலேயே தருகிறோம், வர வேண்டாம் என்கிறார். அங்கே நிறுத்துங்கள். அந்தக் காலத்து வீட்டு ஒப்பந்தம் ஒன்றைக் கையில் கொடுங்கள். கறுப்பர் குடியிருக்கக் கூடாது, வேலையாட்களாகத் தங்கினால் தடையில்லை என்ற பொருளில் பலவற்றில் ஒரு வரி இருக்கும். அதைப் பிள்ளைகளே விரல் வைத்துக் கண்டுபிடிக்கட்டும். ஹான்ஸ்பெரியின் தந்தை 1937-இல் அப்படித் தடை இருந்த பகுதியில் வீடு வாங்கினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1940-இல் வென்றார். ஆனால் அத்தகைய ஒப்பந்தமே தவறு என்று நீதிமன்றம் அன்று சொல்லவில்லை. அவற்றை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்ற தீர்ப்பு 1948-இல், வேறொரு வழக்கில் வந்தது. இதையெல்லாம் பேசிவிட்டு நாடகத்துக்குத் திரும்புங்கள். சங்கத்துக்காரரின் மரியாதை பிள்ளைகள் காதில் வேறு விதமாக விழும்.

வகுப்பிலிருக்கும் ஒரே கறுப்பினப் பிள்ளையை எழுப்பி, உங்கள் வீட்டில் எப்படி என்று கேட்காதீர்கள். அடிமை ஏலத்தை நடித்துக் காட்டச் சொல்லவே கூடாது. வசைச்சொல் அச்சில் இருந்தாலும் உங்கள் வாயால் வாசிக்க வேண்டாம்.

நம்மவர்கள் விருந்துகளில், "இதெல்லாம் நமக்கு எதற்கு?" என்பார்கள். எனக்குக் கோபம் வரும். அமெரிக்காவில் குடியேற 1946-இல் சட்டம் இந்தியாவுக்குக் கொடுத்த ஒதுக்கீடு ஆண்டுக்கு நூறு பேர். அந்தக் கதவை அகலத் திறந்த 1965 குடியேற்றச் சட்டம், கறுப்பின மக்கள் தெருவில் அடிபட்டுப் போராடிய காலத்தில், அந்தப் போராட்டத்தின் வேகத்தில் வந்தது. நல்ல பள்ளியுள்ள பகுதியாகத் தேடி வீடு வாங்குகிறார்களே, அந்தப் பகுதியின் பழைய ஒப்பந்தத்தை ஒருநாளாவது படித்திருப்பார்களா?

ஏற்காடு என்றீர்கள். நானும் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய் அங்கே பாடம் நடத்தியவள். ஏற்காட்டின் வரலாறு என்றால் 1820-களில் காபி கொண்டுவந்த கலெக்டர் காக்பர்னில்தான் தொடங்குவார்கள். என் எதிரே அந்த மலையிலேயே வாழும், மலையாளி என்று பெயர் கொண்ட பழங்குடியின் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் ஒரு பெண் எழுந்து, தாவணி நுனியைச் சுருட்டிக்கொண்டே, பாட்டி சொன்ன கதையைச் சொன்னாள்: காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர், ஒருவர் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு, ஒருவர் கொல்லிமலைக்கு, ஒருவர் பச்சைமலைக்கு. கரும்பலகையில் ஒரு பக்கம் அதையும் மறுபக்கம் காக்பர்னையும் எழுதினேன். "அப்படியானால் எங்கள் மலை எப்போது எஸ்டேட் ஆனது, டீச்சர்?" என்றான் பின்வரிசைப் பையன். அந்த வாரம் முழுவதும் வேறு பாடமே நடக்கவில்லை. பிறகு சேலம் அம்மாப்பேட்டைக்கு மாற்றலானபோது, சௌராஷ்டிர நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளிடமும் இதையே செய்தேன். இங்கே வந்து நான் புதிதாகக் கற்றது சட்டத்தையும் ஒப்புதல் வாங்குவதையும்தான்.