டைம்ஷேர் இருந்தால் தீம் பார்க் டிக்கெட் மலிவா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அக்கா, வணக்கம். என் மாமனார் பல வருடங்களுக்கு முன் வாங்கிய டைம்ஷேர் (வருடத்தில் சில நாள் விடுமுறை ரிசார்ட்டில் தங்கும் உரிமை) இப்போது எங்கள் பெயருக்கு வந்திருக்கிறது. அதில் தங்கும் நாள்களுக்காகத் தரும் பாயிண்டுகளை மாற்றி, டிசம்பர் பள்ளி விடுமுறையில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள ஆர்லாண்டோவில் ஏழு இரவு தங்க இடம் பிடித்துவிட்டோம். நான், கணவர், 11 வயது மகன், 7 வயது மகள். அந்த ரிசார்ட்டிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. டைம்ஷேர் உரிமையாளர்களுக்கு டிஸ்னி, யூனிவர்சல் தீம் பார்க் டிக்கெட்டுகள் சிறப்பு விலையில் கிடைக்குமாம், வந்ததும் ஒரு சின்னச் சந்திப்பில் கலந்துகொண்டால் போதுமாம். இது லாபம்தானா? (செங்காங் வாசகி)

பதில்: தங்கச்சி, அந்த மின்னஞ்சலில் இரண்டு வெவ்வேறு விஷயங்களைக் கலந்து வைத்திருக்கிறார்கள். உரிமையாளர் என்பதற்காகத் தரும் தள்ளுபடி ஒன்று. சந்திப்பில் உட்கார்ந்ததற்காகத் தரும் டிக்கெட் இன்னொன்று. உடனே ஒரு வரி எழுதிக் கேளுங்கள்: “சந்திப்புக்கு வராவிட்டால் டிக்கெட் என்ன விலை?” ஒரு தொகையைச் சொல்லிப் பதில் வந்தால் அது தள்ளுபடி. “நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்” என்று வந்தால், அந்த டிக்கெட்டின் விலையில் உங்கள் விடுமுறையின் ஒரு காலைப்பொழுதும் அடங்கியிருக்கிறது.

அந்தச் சின்னச் சந்திப்பு விற்பனைக் கூட்டம்தான். 90 நிமிடம் அல்லது 120 நிமிடம் என்பார்கள். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வர வேண்டும், அடையாள ஆவணமும் கடன் அட்டையும் கையில் இருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. ஏற்கெனவே டைம்ஷேர் வைத்திருப்பவர்களை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்றால், இன்னும் பாயிண்டு வாங்க வைக்கத்தான். ஆர்லாண்டோவில் பல ரிசார்ட்டுகளில் அறைச் சாவியைக் கொடுத்ததும், “கார் நிறுத்தும் அனுமதிச் சீட்டை அந்த மேசையில் வாங்கிக்கொள்ளுங்கள்” என்று கை காட்டுவார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் விற்பனைப் பிரிவைச் சேர்ந்தவர், சந்திப்புக்கு நேரம் குறிப்பதுதான் அவர் வேலை. சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லி நகர்ந்துவிடலாம். எதிரில் ஒருவர் சிரித்துப் பேசினால் வேண்டாம் என்று சொல்ல நம்மில் பலருக்கு வாய் வருவதில்லை. தேக்காவில் பயண முகவர் அலுவலகத்தில் டிக்கெட் போட்டுக் கொடுத்த காலத்திலிருந்து இதைப் பார்த்து வருகிறேன். வேண்டாம் என்று சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவுமே இல்லை.

சிங்கப்பூரிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. டிசம்பரில் ஆர்லாண்டோ நேரம் நம் நேரத்துக்கு 13 மணி பின்னால் இருக்கும். பிள்ளைகள் விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள், பிற்பகலில் கண் சொருகிவிடும். பூங்காக்களில் வரிசை குறைவாக இருப்பது திறந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான். அப்படியானால் தூக்கம் மாறிப்போன முதல் சில நாள்கள் உங்களுக்குச் சாதகமானவை. எல்லோருக்கும் முன்னால் வாசலில் நிற்கலாம். வந்து இறங்கிய மறுநாள் காலையே சந்திப்புக்கு நேரம் குறித்தால் போவது அந்த நேரம்தான்.

சரி, விலைக்கு வருவோம். பூங்காவின் வாசல் விலையோடு ரிசார்ட் விலையை ஒப்பிட்டுத்தான் “இவ்வளவு மிச்சம்” என்று காட்டுவார்கள். அந்த ஒப்பீடு சரியில்லை. டிஸ்னியும் யூனிவர்சலும் அங்கீகரித்த டிக்கெட் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். டைம்ஷேர் இல்லாதவர்களும் அவர்களிடம் இணையத்தில் வாசல் விலையைவிடக் குறைத்து வாங்க முடியும். உங்கள் ஒப்பீடு அந்த விலையோடு இருக்க வேண்டும். புரிவதற்காக நானே சில எண்களை வைத்துச் சொல்கிறேன், இவை உண்மை விலைகள் இல்லை. நான்கு பேருக்கு வாசலில் 2,400 டாலர், அங்கீகரித்த விற்பனையாளரிடம் 2,250, ரிசார்ட்டில் 2,100 என்று வையுங்கள். ரிசார்ட் சொல்லும் மிச்சம் 300 டாலர். உங்களுக்கு உண்மையில் மிஞ்சுவது 150 தான். அந்த 150 டாலருக்காகத் தம்பதியாக ஒரு காலை முழுவதும் உட்கார முடியுமா என்பதை நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். பத்தாயிரம் மைல் தாண்டிப் போகிறவர்களுக்கு அது மிகக் குறைந்த கூலி என்பது என் எண்ணம்.

ஒப்பிடும்போது ஒரே மாதிரி டிக்கெட்டை ஒப்பிடுங்கள். டிஸ்னி இணையத்தளத்தில் முதலில் தெரியும் விலையில் வரி சேர்ந்திருக்காது, அதற்கு மேல் 6.5 விழுக்காடு வரும். மற்ற விற்பனையாளர்கள் பலர் வரியையும் சேர்த்தே விலை போடுவார்கள். அடுத்தது வயது. நம் சிங்கப்பூரில், செந்தோசாவில் இருக்கும் யூனிவர்சலுக்கு 4 முதல் 12 வயது வரை குழந்தை டிக்கெட். ஆர்லாண்டோவில் டிஸ்னியிலும் யூனிவர்சலிலும் 3 முதல் 9 வரைதான். உங்கள் 11 வயது மகனுக்கு அங்கே பெரியவர் டிக்கெட் எடுக்க வேண்டும். இரண்டு பெரியவர், இரண்டு குழந்தை என்று யாராவது விலை சொல்லியிருந்தால் அந்தக் கணக்கே தப்பு.

யூனிவர்சலில் எந்தப் பூங்காவுக்கான டிக்கெட் என்பதையும் கேளுங்கள். அங்கே பழைய பூங்காக்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 1990லும் மற்றது 1999லும் திறக்கப்பட்டவை. இரண்டுக்கும் இடையே ஓடும் ரயிலில் ஏற வேண்டுமென்றால், ஒரே நாளில் இரண்டுக்கும் போய்வர அனுமதிக்கும் டிக்கெட் வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பூங்கா என்ற மலிவு டிக்கெட்டோடு போனால் பிள்ளைகள் அந்த ரயிலில் ஏற முடியாது. எபிக் யூனிவர்ஸ் என்ற புதிய பூங்கா 2025 மே மாதம் திறந்தது. பழைய இரண்டு பூங்காக்களுக்கு மட்டும் எடுத்த டிக்கெட் அங்கே செல்லாது. உங்கள் மகன் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பான் என்று நினைக்கிறேன்!

கையில் கொடுக்கப் போவது என்ன என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். எங்கள் குடும்பம் ஆஸ்திரேலியாவில் கோல்ட் கோஸ்ட் போயிருந்தபோது, கூட்டம் முடிந்ததும் கொடுத்தது டிக்கெட் இல்லை, இன்னொரு இடத்தில் பதிவு செய்து மாற்றிக்கொள்ள வேண்டிய வவுச்சர். நாங்கள் ஊர் திரும்பும் தேதிக்குள் அதை மாற்றவே முடியவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த என் அத்தை மகள் அழாத குறை. இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

டைம்ஷேரால் உங்களுக்குக் கிடைக்கும் உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஏழு இரவு ஒரே இடத்தில் தங்குகிறீர்கள். டிஸ்னியில் நாள்கள் கூடக் கூட ஒரு நாளுக்கான விலை இறங்கும். ஒரு நாள் டிக்கெட்டுகளைத் தனித்தனியாக வாங்குவதைவிட நான்கு நாள் டிக்கெட் எவ்வளவோ மேல். அங்கிருக்கும் நான்கு பூங்காக்களுக்கு நான்கு நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு என்று நிதானமாகப் பார்க்க முடிவது நீங்கள் ஒரு வாரம் தங்குவதால்தான். விற்பனைக் கூட்டத்தில் தரும் டிக்கெட் பெரும்பாலும் இந்தத் திட்டத்துக்குள் பொருந்தாது. டிஸ்னி டிக்கெட் விலை தேதிக்குத் தேதி மாறும் என்பதால், கிறிஸ்துமஸ் வாரத்தை விட்டுவிட்டு டிசம்பர் முதல் பாதியில் போனாலே கணிசமாக மிஞ்சும். பல சமயம் ரிசார்ட் தரும் தள்ளுபடியைவிட இது பெரிதாக இருக்கும்.

அப்புறம், டைம்ஷேர் தங்குமிடத்தில் இருக்கும் சமையலறை. பூங்காவில் நான்கு பேர் மதியமும் இரவும் சாப்பிட்டால் ஆகும் செலவை நினைத்துப் பாருங்கள். டிஸ்னிக்குள் சாப்பாடு கொண்டுபோக அனுமதி உண்டு, கண்ணாடிப் பாத்திரம் கூடாது. காலையில் புளிசாதமோ எலுமிச்சை சாதமோ கட்டிக்கொண்டு கிளம்பலாம். இங்கிருந்து ரைஸ் குக்கர் கொண்டுபோக வேண்டாம், அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம் 230 வோல்ட் குக்கர் சரியாகச் சூடாகாது. அங்கேயே ஒரு சின்ன குக்கர் வாங்கிவிடுங்கள்.

உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது: சந்திப்பு வேண்டாம். நிபந்தனை இல்லாத உரிமையாளர் விலை அங்கீகரித்த விற்பனையாளரின் விலையைவிடக் குறைவாக இருந்தால் தாராளமாக எடுங்கள். இல்லாவிட்டால் புறப்படும் முன்பே இணையத்தில் வாங்கிவிடுங்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட, இரண்டு வாரம் தங்குகிற, “வேண்டாம்” என்று அமைதியாகத் திரும்பத் திரும்பச் சொல்லக்கூடிய தம்பதியாக இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

கேள்வி: நண்பரின் நண்பர் ஆர்லாண்டோ போய் வந்தார். ஐந்து நாள் டிக்கெட்டில் இரண்டு நாள் மிச்சம் இருக்கிறதாம், பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? (ஈசூன் வாசகர்)

பதில்: வேண்டவே வேண்டாம், தம்பி. பயன்படுத்தத் தொடங்கிய டிக்கெட் அந்த ஆளுக்கு மட்டுமே உரியது. டிஸ்னி வாசலில் விரல் வைக்கச் சொல்லி டிக்கெட்டை ஆளோடு இணைத்துவிடுகிறார்கள். முதல் பயன்பாட்டிலிருந்து இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடுவும் உண்டு. மேலும், அப்படி மீதமுள்ள டிக்கெட்டை விற்பது புளோரிடா மாநிலச் சட்டப்படி குற்றம். அங்கே சாலையோரக் கடைகளில் “மிச்ச நாள் டிக்கெட்” விற்பவர்களிடமும் போகாதீர்கள்.

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து என் மாமியாரும் மாமனாரும் வருகிறார்கள். எங்கள் டைம்ஷேர் உறுப்பினர் செயலியில் செந்தோசா யூனிவர்சல் டிக்கெட் “உறுப்பினர் விலை” என்று போட்டிருக்கிறது. ஆறு பேருக்கு வாங்கிவிடட்டுமா? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: முதலில் மாமியாரைக் கேளுங்கள் தங்கச்சி, அவருக்கு ராட்டினம் பிடிக்குமா என்று. வெயிலில் நின்று பேரப்பிள்ளைகளின் பைகளைப் பிடித்துக்கொண்டிருக்க ஒருவருக்கு முழு டிக்கெட் எடுப்பது எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர்கள் ஆசைப்பட்டால் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான டிக்கெட் தனியாக உண்டு. உறுப்பினர் விலை அதைக் கணக்கில் எடுத்திருக்கிறதா, அல்லது எல்லோரையும் பெரியவர் என்றே போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கணவருக்கு சாஃப்ரா (தேசிய சேவையாளர் மன்றம்) அட்டையோ உங்களுக்கு மக்கள் கழகத்தின் பேஷன் (PAssion) அட்டையோ இருந்தால் அங்கே என்ன சலுகை ஓடுகிறது என்றும் பார்த்துவிடுங்கள். டைம்ஷேர் செயலியைவிட அது குறைவாக இருக்க வாய்ப்புண்டு. வரிசையில் காத்திருப்பதைக் குறைக்கும் எக்ஸ்பிரஸ் டிக்கெட் தனி, நுழைவு டிக்கெட்டில் அது சேராது.

பெரியவர்களுக்குக் கரையோரப் பூந்தோட்டங்களின் குளிர்ச்சியான பூ மாடம் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அங்கே சிங்கப்பூரில் வசிப்பவர்களுக்குக் குறைந்த விலை உண்டு, வருகையாளராக வரும் உங்கள் மாமனார் மாமியாருக்கு அது பொருந்தாது. அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இங்கே ஒரு ஹோட்டலில் டைம்ஷேர் விளக்கக் கூட்டத்துக்குப் போனோம். யூனிவர்சல் டிக்கெட் நான்கு இலவசம் என்றார்கள். மூன்று மணி நேரம் பேசி, “வருடா வருடம் டிக்கெட்டில் மிஞ்சுவதை வைத்தே பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டிவிடலாம்” என்றார்கள். கூடுதல் பாயிண்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டோம். வீட்டுக்கு வந்ததிலிருந்து தூக்கம் இல்லை. (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: உங்கள் கடிதத்தில் தேதியைப் பார்த்ததும் அன்றே உங்களைத் தொலைபேசியில் அழைத்துவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் டைம்ஷேர் ஒப்பந்தத்தை ரத்து செய்ய ஐந்து நாள் அவகாசம் உண்டு. சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்கள் அதில் சேராது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. ரத்து செய்கிறோம் என்பதை எழுத்தில் கொடுங்கள், கொடுத்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னது போதும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இலவச டிக்கெட்டுகளைப் பயன்படுத்தாமல் அப்படியே வைத்திருங்கள், திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடலாம். நிறுவனம் இழுத்தடித்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். அதற்கும் மேல் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே வைக்கலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. புளோரிடாவில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு அந்த மாநிலச் சட்டம் பத்து நாள் தருகிறது. அங்கே சனி, ஞாயிறும் கணக்கில் சேரும், ஆகவே ஊர் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

டிக்கெட்டில் மிஞ்சுவதை வைத்துப் பராமரிப்புக் கட்டணம் கட்டலாம் என்ற பேச்சுக்கு வருகிறேன். பராமரிப்புக் கட்டணம் நீங்கள் பயணம் போனாலும் போகாவிட்டாலும் வரும், பல இடங்களில் வருடா வருடம் ஏறும். டிக்கெட் தள்ளுபடியோ, நீங்கள் போய் டிக்கெட் வாங்கினால் மட்டும் வரும், அதுவும் பூங்கா தன் விலையை மாற்றாத வரை. ஒன்று கட்டாயச் செலவு, மற்றது இருந்தால் உண்டு என்ற மிச்சம். அதனால்தான் இந்தப் பேச்சைக் கூட்டத்தில் வாயால் சொல்கிறார்கள். உங்கள் ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் எனக்குப் படம் எடுத்து அனுப்பினீர்கள், தம்பி. தேடிப் பார்த்தேன், டிக்கெட் என்ற சொல்லே அதில் இல்லை. ரத்துக் கடிதத்தின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள், பணம் திரும்பி வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.